பொயிலர் தட்டுது

ஹைட்சுங் அறைக் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது எண்ணெய் வாசம். மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் நடுவில் ஒரு வாசம்... தலைமயிரில் ஏறினால் முழுகினாலும் லேசில் போகாது.

சுவிஸில், ஆராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறை அது. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு கிழட்டு பொயிலர். முழுக் கட்டடத்துக்கும் சூடும் சுடுதண்ணியும் அதிலிருந்துதான். பற்றிக்கொண்டால் ஒரே இரைச்சல். பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்காது.

அந்த இரைச்சல்தான் அக்காவுக்கு வசதியாகப் போயிற்று.

அக்கா மிருதங்கம் பழகினாள். அரங்கேற்றத்துக்கு நாள் வைத்தாயிற்று, மண்டபமும் பிடித்தாயிற்று. ஆனால் வீட்டில் வைத்து வாசிக்க வழியில்லை. சுவிஸ் வீடுகளைத் தெரியும்தானே... கதிரையை இழுத்தாலே கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து மணி அடிப்பார்கள். இதற்குள் அப்பாதான் அந்தக் கட்டடத்தின் ஹவுஸ்வார்ட். படி கூட்டுவது, குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, சனத்தின் முறைப்பாடு கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஹவுஸ்வார்ட் வீட்டிலேயே சத்தம் என்றால் மானம் போய்விடும் என்பார்.

"தலைகாணியில அடிச்சுப் பழகு பிள்ளை."

தலைகாணியில் மிருதங்கம்! அக்கா அழாத குறை.

அம்மா வேறு வழி பார்த்தார். பின்னேரம் அப்பா ரெஸ்டோரண்ட் கிச்சன் வேலைக்குப் போனதும், ஆணியில் தொங்கும் அந்த அறைத் திறப்பை எடுத்து அக்காவின் கையில் கொடுப்பார்.

"அந்த இரைச்சலுக்குள்ள ஒருத்தருக்கும் கேக்காது. போய் அடி. கொப்பரிட்டச் சொல்லிப்போடாத."

அது எனக்கும் சேர்த்துத்தான். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் வேலை.

கொஞ்ச நாள் போக, அப்பா சாப்பாட்டு மேசையில் யோசனையோடு இருந்தார்.

"உந்த ஃப்ராவ் கெல்லரால பெரிய கரைச்சல். பின்னேரத்தில பொயிலர் தட்டுதாம். டக்கு டக்கெண்டு பைப்புக்குள்ளால கேக்குதாம்."

ஃப்ராவ் கெல்லர் ஹைட்சுங் அறைக்கு நேர் மேல்வீட்டில் தனியாக இருந்த மனுசி.

"அது பழசுதானே அப்பா" என்றாள் அக்கா. நடிப்பில்லை, உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நமக்கு மிருதங்கம் என்றால் வாசிப்பது. அதைப் போய் "தட்டுது" என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தோமா!

அப்பா கடமை தவறாதவர். கட்டட நிர்வாகத்துக்குச் சொன்னார். மெக்கானிக் காலையில் வந்து பார்த்தார், ஒரு தட்டலும் இல்லை. திரும்பவும் வந்தார், அப்போதும் இல்லை. கடைசியில், "எப்படியும் இது வயசு போன சாமான், எண்ணெயும் கனக்கக் குடிக்குது, புது கண்டென்சிங் பொயிலர் போடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டடக்காரரும் சம்மதித்தார்.

பச்சைக் கிழவனைத் துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதே இடத்தில் வெள்ளையாக, ஃப்ரிட்ஜ் போல ஒன்று வந்து நின்றது.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பழசு சூட்டைப் புகையோட வெளிய விட்டுது. இது அந்தப் புகையையும் குளிர வைச்சு, நீராவி தண்ணியாகேக்க வாற சூட்டையும் பிடிச்சுத் தருதாம். சோத்துப் பானை மூடி வேர்க்குமெல்லே, அதுமாதிரி. புகைக்குழாயில கை வைச்சுப் பாத்தனான்... சும்மா வெதுவெதுப்பு!"

அன்று பின்னேரம் வேலைக்குப் போகிற வழியில், அப்பா ஃப்ராவ் கெல்லரின் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். இனிச் சத்தமே வராது என்று காட்டத்தான். அவர் போய்விட்டார் என்று நினைத்து, நாங்கள் வழமைபோலக் கீழே இறங்கினோம்.

அக்கா இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினாள். புதுப் பொயிலருக்கு இரைச்சலே இல்லை. "டேய்... நான் அடிக்கிறதெல்லாம் எனக்கே கேக்குதடா."

பிறகு வழமைபோல ஓங்கி அடிக்கத் தொடங்கினாள்.

மேலே அப்பா ஹீட்டரில் காதை வைத்தபடி நிற்க, உள்ளேயிருந்து தா... தீ... தொம்... நம்.

"எஸ் க்ளொப்ஃப்ட் வீடர்!" என்றாராம் ஃப்ராவ் கெல்லர். திரும்பவும் தட்டுதாம்!

கதவு திறந்தது. வேலைப் பையோடு அப்பா, பின்னால் வீட்டுச் செருப்போடேயே ஓடிவந்த ஃப்ராவ் கெல்லர். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. தன் பிள்ளையின் சத்தத்துக்காகக் கட்டடக்காரன் பொயிலரையே மாற்றிவிட்டானே என்று மனுசன் ஆடிப்போனார்.

ஃப்ராவ் கெல்லர் மிருதங்கத்தைப் பார்த்தார், வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். "அப்போ அந்தப் பழைய பொயிலர் நீதானா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

அக்கா எழுந்து நின்று உள்ளதைச் சொன்னாள். அரங்கேற்றம் வருகிறது, வாசிக்க வேறு இடமில்லை என்றாள்.

மனுசி யோசித்தார். "ஐந்திலிருந்து ஆறு. ஞாயிற்றுக்கிழமை கூடாது." அவ்வளவுதான், மேலே போய்விட்டார். நேரம் பேசி முடித்துவிட்டால் பிறகு இங்கே பிரச்சினை இல்லை.

எங்களுக்கு இனி அப்பாவிடம் ஏச்சு நிச்சயம். அவரோ மெக்கானிக் விட்டுப்போன காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார்.

"எங்க, இன்னொருக்கா அடி பாப்பம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பழகத் தொடங்கிய நாளிலிருந்து அப்பா ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. பின்னேரம் முழுக்கக் கிச்சன், சனிக்கிழமை வகுப்பு நேரமும் கிச்சன். வேலைக்கு ஒருநாளும் பிந்தாத மனுசன், அன்று முழுவதையும் இருந்து கேட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா ஏன் பிள்ளை உவ்வளவு பலமா அடிக்கிறாய்?"

"அந்த இரைச்சலுக்கு மேலால எனக்குக் கேக்க வேணுமே அப்பா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அரங்கேற்றம் நன்றாக நடந்தது. கை மென்மையாகிவிட்டதே என்று மிருதங்க மாஸ்டருக்குத்தான் ஆச்சரியம்.

இப்போது அக்கா ஓர்லிகோனில், புதுக் கட்டடத்தில். பொயிலர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது, தரையிலிருந்து சூடு வருகிறது. மிருதங்கம் அலுமாரிக்கு மேலே. வேலை முடிந்து வந்து, எலக்ட்ரானிக் பேடில் ஹெட்போன் போட்டு வாசிக்கிறாள். முறைப்பாடும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. நல்ல வசதிதான்...

போன கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பென்ஷன் எடுத்துவிட்டார், பின்னேரம் முழுக்க ஓய்வு. அக்காவுக்கு எதிரே இருந்து, அவளுடைய விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே பிள்ளை" என்றார்.

ஹெட்போன் போட்டிருந்த அக்காவுக்கு அது கேட்கவில்லை.