டைரக்டரேட்டிலிருந்து வந்த கவர்

பூங்கோதை என்ற பெயரை நான் முதலில் கேட்டது எழுபத்தொன்பதில், டெல்லி கிட்வாய் நகர் பால் பூத் வரிசையில். "மாணிக்கவாசகம் தவறிட்டாராம். பொஞ்சாதி பூங்கோதை ரெண்டு பிள்ளையளோட நிக்காளாம்" என்று பேசிக்கொண்டார்கள். விசாரித்தால், அவள் என் பெரிய மாமனாருடைய கொழுந்தியாள் மகள். எனக்கு நாத்தனார் முறை. அன்றே போனேன்.

புருஷன் பார்த்த சர்க்கார் வேலை அவளுக்குக் கிடைத்தால் குவார்ட்டர்ஸ் நிற்கும். கிடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மனு என்றால் செக்ரடேரியட்டுக்குத்தான். அதற்கு மேல் ஆபீஸ் இல்லை என்று நினைப்பு. நானும் கூடப் போய் மூன்று மனு கொடுத்தோம். 'உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று மூன்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

எதிர் பிளாக் ஜோதிலிங்கம் ஏதோ ஓர் ஆபீசில் தபால் பதிகிறவன். பதில்களைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"யக்கா, செக்ரடேரியட்டு சட்டம் போடுத எடம். அதும்படி ஆளெடுக்கது, சம்பளம் குடுக்கது எல்லாம் டைரக்டரேட்டு. அண்ணாச்சி டைரக்டரேட்லதான இருந்தாக? அங்கேருந்து ஒண்ணும் வரலியா?"

பூங்கோதைக்கு முகம் வெளுத்துவிட்டது. "வந்துச்சு. பிரிக்கல."

"பிரிக்கலியா?"

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லித்தான் இருக்கும்னு முருகன் படத்துக்குப் பின்னால வச்சிட்டேன். பிரிச்சாத்தான வாங்குனதா கணக்கு?"

"அச்சா! இந்தச் சட்டத்தை செக்ரடேரியட்டுல போய்ச் சொல்லுங்க, உடனே போட்டுருவாக."

கவரை அவனே கிழித்தான். இங்கிலீஷில் இருந்ததை வாய்க்குள் படித்தான்.

"வேலைக்கு நேர்ல வரச் சொல்லியிருக்கான். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் எங்க? ஜல்தி எடுங்க!"

"மதினி, நாளைக்கா? இன்னைக்கு இல்லியே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுப் போன தேதியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அன்று மூன்று பேருமாகச் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டன.

அடுத்த மாதமே அதே டைரக்டரேட்டில் சேர்ந்தாள். குவார்ட்டர்ஸ் நின்றது. அவளுக்குக் கொடுத்தது தபால் பிரிவு. வருகிற கவரையெல்லாம் பிரிப்பது அவள் வேலை.

ஓய்வு பெற்று, இப்போது டெல்லியிலேயே துவாரகாவில் மகள் வீட்டில் இருக்கிறாள்.