கொடி கட்டிய கிளை

பின்கட்டு மாமரத்தில் ஒரு கிளை நுனியிலிருந்து காய்ந்து வந்தது. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். பழுப்பு. கீழே வரவரப் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சை வாசனையில் நான் வளர்ந்த காஜா பெராங் ஊர் வீட்டு ரம்புத்தான் பழமரம் நினைவில் வந்து நின்றது.

அதிலும் ஒரு கிளை இப்படித்தான் பட்டுக்கொண்டு வந்தது. அம்மா மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். கேட்கவில்லை. ஒருநாள் நுனியிலிருந்து சுரண்டிக்கொண்டே வந்தவர், பச்சை தொடங்கும் இடத்தில் நின்றார்.

"என்னங்க, இங்க வாங்க. மெர்டேக்காவுக்கு நீங்க கட்டுன கம்பி, பட்டைக்குள்ள போயிருச்சு."

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளன்று நாட்டுக் கொடியின் கம்பை அப்பா அங்கேதான் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். அடுத்த வருடத்துக்கும் வேண்டுமென்று கம்பியை அவிழ்க்கவில்லை.

"வெட்டிட்டா கொடிய எங்க கட்டுறது?"

"வாசல்ல கட்டுங்க. மரத்த விடுங்க."

அப்பா ரம்பத்தை எடுத்துவந்து, கம்பிக்குக் கீழே பச்சையில் அறுத்தார். அதன்பின் வருடந்தோறும் வாசல் தூணில், அம்மாவின் பழைய சேலைக் கிழிசலால் கொடியைக் கட்டினார்.

என் மாமரத்தில் கம்பி இல்லை, துளைப்புழுதான். நானும் பச்சையில் அறுத்தேன்.

அப்பாவிடம் சாகும்வரை இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை.