ஓமந்தையில் ஒரு சாவு

என்னுடைய மனுசன் பழைய சினிமா நடிகர். இடைவேளைக்கு முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகும் தகப்பன் வேடம்தான் அவருக்கு எப்போதும் கிடைக்கும். சமாதான காலத்தில் ஒருநாள், வவுனியாவிலிருந்து மாங்குளத்துக்குப் போகும் வழியில், ஓமந்தைச் சோதனைச்சாவடியில் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

“நடிகரா? நடிச்சுக் காட்டுங்க.”

“அழவோ, சாகவோ?” என்று இவர் கேட்டார்.

“சாகுங்க.”

இவர் கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி புழுதியில் விழுந்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மாவுக்கு இந்தக் கதை ஒன்றும் கேட்கவில்லை. “ஐயோ, ஐயா போயிட்டாரே!” என்று என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினா. சனம் கூடிவிட்டது. சனத்தைக் கண்டால் இவர் எழும்புவாரா? காலை இன்னும் இரண்டு தரம் இழுத்தார்.

“காணும், எழும்புங்கோ. வேட்டி ஊத்தையாகுது” என்றேன்.

“மனுசன் சாகக் கிடக்குது, உனக்கு வேட்டியோ?” என்று அந்த அம்மா என்மேல் பாய்ந்தா.

சாகச் சொன்ன ஆமிக்காரனுக்கே பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, அந்த அம்மாவையும் எங்களோடு சேர்த்து எல்லாருக்கும் முன்னால் அனுப்பிவிட்டான்.

பஸ்ஸில் அந்த அம்மா இவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தா. என்னோடு ஒரு சொல் பேசவில்லை. மாங்குளம் வரும்வரை இவர் மெல்ல இருமி இருமி, ஒவ்வொரு சுளையாக வாங்கிச் சாப்பிட்டார்.