இரண்டு ஃபேனும் என் பேரும்

“…நல்ல மனிசன், அதில ஒரு குறையும் சொல்ல ஏலாது. எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவான். ஆனா நானா, இந்த ரெண்டு ஃபேன் பூட்டுற வேலையை மட்டும் அவன்ட கையில குடுத்திராதையுங்கோ. எங்கட கார் வெந்து போனதே அதாலதான்.”

உள்துறைமுக வீதித் தேநீர்க் கடையின் பின்பக்கக் குழாயில் நான் கைகழுவிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு பலகைச் சுவர்தான். பேசினவன் என் கூட்டாளி. கேட்டுக்கொண்டிருந்தவர், அவன் ‘நானா’ என்று அண்ணன் முறையில் கூப்பிட்டவர், ஒரு கிண்ணியாக்காரர்; டேர்போ பூட்டிய பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். அதற்கு ஃபேன் வயரிங் செய்ய ஆள் தேடி, என்னைத்தான் அந்தக் கடைக்கு வரச்சொல்லியிருந்தார். என் கூட்டாளி அங்கே இருந்தது தற்செயல். அவன் சொன்ன ‘அவன்’ நான்.

குழாயை மூடினேன். கை ஈரம் காயும்வரை அங்கேயே நின்றேன்.

அவன் சொன்ன கார் அவனுடைய அண்ணனுடையது. அண்ணனுக்குக் கட்டாரில் வேலை. வெளியிலிருந்து வாகனம் இறக்க ஏலாது என்று அரசாங்கம் மறித்து வைத்திருந்த காலத்தில், இங்கே ஆட்கள் இருந்த பழசையெல்லாம் பிள்ளையைப் போலப் பார்த்தார்கள். அண்ணனும் அப்படித்தான் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, டேர்போவும் சாமான்களும் ஒவ்வொன்றாக அனுப்பினார். கார் அண்ணனுடையது, சாவி இவனுடையது. ‘தம்பி, நீ வச்சு ஓடு, நான் வந்தா என்னை ஏத்திக்கொண்டு திரி’ என்பதுதான் ஒப்பந்தம். என் கூட்டாளிக்கு அந்தச் சாவி சட்டைப்பையில் கிடந்தால் நடையே வேறு. அவன் மனைவி ஒருநாள் என் மனைவியிடம் சொன்னாளாம், “அக்கா, இவர் கோயிலுக்குப் போனாலும் சாவியைக் கையில வச்சுக்கொண்டுதான் முழந்தாள்படியிடுறார்.”

டேர்போ பூட்டினால் சூடு கூடும். காற்றைக் குளிராக்குகிற பெட்டியொன்று ரேடியேட்டருக்கு முன்னால் வந்து குந்திக்கொள்ளும். பின்பக்கத்தில் குழாய்கள் இடத்தைப் பிடித்துவிடும். பழைய தடித்த ஃபேனுக்கு அங்கே இடமில்லை. ஆகவே மெல்லிய ஃபேன் இரண்டு. இரண்டையும் ஒரே வயரில் கொடுத்துவிட்டு, ஓடுதுதானே என்று கை கழுவுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்கிறவனில்லை. என்னை ஒருத்தரும் படிப்பிக்கவில்லை. எரிந்து கருகிய வயர்களை அவிழ்த்து, எங்கே பிழை நடந்தது என்று பார்த்துப் பார்த்துப் படித்தவன் நான். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனித் தடித்த வயர், தனி ரிலே, தனி பியூஸ், தனி எர்த். தண்ணீர் சூடானதும் முதல் ஃபேன் எழும்பும். அதாலும் ஏலாமல் போனால், அல்லது ஏசி போட்டால், மற்றது எழும்பும். இரண்டும் ஒரே நேரம் பாய்ந்தால் விளக்கு மங்கும், பற்றறி முனகும்.

அண்ணனின் காருக்கும் அப்படித்தான் பூட்டினேன். முடிந்ததும் கலண்டரில் பழைய தாள் இரண்டைக் கிழித்து ரேடியேட்டரின் முன்னால் பிடித்தேன். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் தாள் இரண்டும் கையை விட்டுப் பறந்துபோய் ஒட்டிக்கொண்டன. காற்று சரியான பக்கம் போகிறது என்பதற்கு எனக்கு அதுதான் சாட்சி.

“மச்சான், நீ மந்திரவாதியடா,” என்றான் கூட்டாளி. உடனே மூஞ்சையைச் சுளித்தான். “ஆனா இதென்ன சத்தம்? அரிசி மில்லுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“ஓம், சத்தம் வரும். கார் வேகாமல் இருக்கவேணுமெண்டா சத்தத்தைத் தாங்கு.”

“டேர்போ ‘ப்ஸ்ஸ்’ எண்டு விடுறது கேக்காதேடா.”

அவனுக்கு அதுதான் பெரிது. பின்னேரங்களில் கடற்கரையோரம் கார்க்காரப் பொடியள் கூடுவார்கள். இவன் வயதுக்கு அங்கே போய் நிற்கவே கூடாது, ஆனால் நிற்பான். என்ஜினை உறுமவிட்டுக் காலை எடுத்தால் டேர்போ ஒரு பெருமூச்சு விடும். எங்கள் ஊர்க் கடற்கரைப் புல்லில் மான்கள் மேயும்; அந்தச் சத்தத்துக்கு அவை தலைதூக்கிப் பார்க்கவேண்டும். பொடியள் பார்ப்பதைவிட மான் பார்ப்பதுதான் அவனுக்குக் கணக்கு.

“ஃபேனை நிப்பாட்ட உள்ளுக்கு ஒரு சுவிட்ச் போட்டுத் தா,” என்றான்.

“ஏலாது.”

“ஒரு சின்னச் சுவிட்ச்.”

“சின்னதோ பெரிசோ, நீ நிப்பாட்டுவாய், பிறகு போட மறப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.”

அவன் சிரித்தான். ஆனாலும் வழியில் ஏதும் நடந்தால் பார்க்கத் தெரியவேண்டுமே என்று, பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டிவைத்தேன். விரல் நகமளவில் பச்சைப் பியூஸ் இரண்டு. “இதுதான் ஃபேனுக்கு. இது இல்லாட்டி ரெண்டும் செத்தமாதிரி,” என்றேன். அவன் தலையாட்டின விதத்தைப் பார்த்தால் நல்லாய்ப் படிக்கிற பிள்ளை மாதிரித்தான் இருந்தது.

அண்ணன் லீவில் வந்தார். வந்த கிழமையே தோப்பூரிலிருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கத் தம்பியோடு காரில் புறப்பட்டார். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டும்வரை ஒரு பிரச்சினையுமில்லை. ஓடுகிற காரில் எதிர்க்காற்றே குளிர்த்திவிடும். அதற்குப் பிறகு முன்னால் ஒரு நெல் வெட்டு மெசின் அகப்பட்டது. அறுவடைக் காலம். வீதியை அடைத்துக்கொண்டு அது ஆமை போல ஊர, இவன் பின்னால் ஏசியும் போட்டுக்கொண்டு ஊர்ந்திருக்கிறான். சூட்டு முள் ஏறினது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் பக்கத்தில் நித்திரை; எழுப்பி நிறுத்தினால் ‘என்னடா இந்தக் கார்’ என்று கேட்பாரே என்று, முன்னால் விலகும், விலகும் என்று ஓட்டியிருக்கிறான். கடைசியில் பொனட்டுக்குள்ளிருந்து ஆவி அடித்தது.

எனக்குப் போன் வந்தது. பழைய பிக்கப்பில் கயிறும் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் பனைமரத்தடியில் நின்றார். நான் பொனட்டைத் தூக்கிப் பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன். பச்சைப் பியூஸ் இருந்த இரண்டு இடமும் வெறுமை. பல்லுக் கழன்ற வாய் மாதிரி.

தலைதூக்கினேன். கூட்டாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பொனட் மறைத்ததால் அண்ணனுக்கு அது தெரியவில்லை.

“நேத்து கடற்கரையில கழட்டினனான்,” என்றான் வாய்க்குள். “சட்டைப் பையுக்க போட்டனான். அந்தச் சட்டை வீட்டில.”

“என்ன பிழையாம்?” என்று அண்ணன் கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுதல் இவன் சொன்னான்: “வயரிங் போல அண்ணை.”

அண்ணன் சோடா வாங்கப் பக்கத்துக் கடைக்கு நடந்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவன் கதைத்ததெல்லாம் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. “மச்சான், அண்ணனுக்கு உண்மை தெரிஞ்சா சாவியை வாங்கிப்போட்டு காரை வித்திடுவார். சும்மா இல்லை, அடுத்த நாளே. அவர் லீவு முடிஞ்சு ஏறுமட்டும் உன்ட பேரைத் தா. பிளேன் ஏறினதும் நானே எல்லாருக்கும் சொல்லுறன், பிழை என்னில எண்டு. மாதாவாணை.”

என் அப்பாவின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கினவன் அவன். அன்றைக்கு மழை, அவன் தோள்பக்கம்தான் சேற்றுக்குள் தாழ்ந்தது, விடவில்லை. அதை நினைத்தேன். தலையை ஆட்டவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. கயிற்றை எடுத்துக் கட்டினேன்.

திரும்பி வரும்போது அண்ணன் என் பக்கத்தில் இருந்தார். பின்னால் கயிற்றில் வருகிற காரில் கூட்டாளி ஸ்டியரிங் பிடித்திருந்தான். “எப்பிடித் தம்பி இப்பிடியாச்சு?” என்று அண்ணன் மெல்லக் கேட்டார். கோபமில்லாத குரல். “பார்க்கவேணும் அண்ணை,” என்றேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அவன் முகம் தெரிந்தது. அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

என்ஜினின் ஹெட் சூட்டில் வளைந்துபோயிருந்தது. அதைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி, திரும்பிவந்து பூட்டி முடிந்ததும் என் வீட்டு வளவில் வைத்துப் புதிதாக இரண்டு பியூஸ் போட்டேன். ஃபேன் இரண்டும் எழும்பின. கலண்டர் தாள் இரண்டும் ஒட்டின. “பார்த்தியா? உன்ட வேலையில பிழை பிடிக்க ஏலாது!” என்று கூட்டாளி என் முதுகில் தட்டினான். வளவில் எங்கள் இருவரையும் தவிர ஆளில்லை. பின்னேரம் அண்ணன் வந்து பார்த்தபோது, “எர்த் லூசாக் கிடந்ததாம் அண்ணை, இப்ப இறுக்கிட்டான்,” என்று சொன்னவனும் அவன்தான்.

என் மனைவிக்கு மட்டும் நடந்ததைச் சொன்னேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “உங்கட பேர் என்ன, சைக்கிள் பம்போ? கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் குடுக்க? பம்பெண்டாலும் திருப்பித் தருவாங்கள்.”

அண்ணன் போகமுதல் வந்த ஞாயிறு. பூசை முடிந்து சனம் வாசலில் நிற்கிறது. அவர் வந்து என் தோளில் கைவைத்தார். “பிழை விடாத மனிசன் ஆர், தம்பி? நான் மனசில வைக்கேல்லை. தொழிலைக் கவனமாச் செய்,” என்றார். சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. ஒரு சென்ட் போத்தலும் என் கைக்குள் வைத்தார். நல்ல மனிதர். செய்யாத பிழைக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். போத்தலை மனைவி அலுமாரிக்குள் வைத்தாள். எங்கள் வீட்டில் அதை ஒருத்தரும் இன்னும் திறக்கவில்லை.

அண்ணன் பிளேன் ஏறினார். நான் காத்திருந்தேன்.

“இப்ப சொன்னா அண்ணனுக்கு ஆரும் போன்ல சொல்லிப்போடுவாங்கள் மச்சான். கொஞ்சம் பொறு,” என்றான் முதலில். பிறகு, “சனம் மறந்திடும்,” என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே, “நீ இன்னும் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாயோ?” என்று எனக்காகக் கவலைப்படுகிறவன் மாதிரிப் பார்த்தான்.

சனம் மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: வாகனம் பழுதானால், பொனட்டுக்குள் கடைசியாகக் கைவைத்தவன் ஆர் என்றுதான் முதல் கேள்வி. அதோடு விசாரணை முடிந்தது. சுற்றுலா வான் வைத்திருந்தவர் என் வளவு வாசலைத் தாண்டிப்போய் வேறிடத்தில் நிறுத்தினார்; என்னைக் கண்டால் மட்டும் முன்னையைவிடக் கூடச் சிரித்தார். ஓட்டோக்காரர் ஒருவர் வந்து, “அண்ணை, பல்ப் மட்டும் மாத்தினாக் காணும். வேற ஒண்டிலயும் கை வைக்காதையுங்கோ,” என்றார். அவரிடம் பொறுக்கமுடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். பியூஸ், சட்டைப்பை, கடற்கரை, எல்லாம். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “இவ்வளவு நாளும் சொல்லாம இப்பவோ அண்ணை?” என்று சிரித்தார். “பாவம் அவர், உங்களைப் பற்றி நல்லதுதான் சொல்லித் திரியிறார்.”

அதுவும் உண்மைதான். கூட்டாளி என்னைத் திட்டியதே இல்லை. தோப்பூர்க் கதையை மட்டும் சொல்லுவான். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் எர்த் லூசு. பிறகு மெல்லிய வயர் போட்டேனாம். கடைசியில் நான் ஒரு ஃபேனை மறுபக்கம் சுற்றவிட்டேனாம். ஒன்று உள்ளே இழுக்க மற்றது வெளியே தள்ளிச்சாம். அந்த இடத்தில் இரண்டு கையையும் எதிரெதிராகச் சுற்றிக் காட்டுவான், கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார்கள். ஒருநாள் தூர நின்று அதைப் பார்த்தேன். பொய் சொல்லுகிறவனின் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகமில்லை. அவன் அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

ஆகவே அந்தக் கிண்ணியாக்காரரின் அழைப்பு வந்தபோது எனக்கு எப்படியிருந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். டேர்போக் கார். ஃபேன் இரண்டு. என் கையால் செய்து, அவர் அதைக் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஓட்டிக்கொண்டு திரிந்தால், நான் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. அந்தக் காரே பேசும். கலண்டர் தாள் இரண்டைக்கூட மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் கடைக்கு வந்தனான்.

குழாயடியிலிருந்து முன்பக்கம் வந்தேன்.

கிண்ணியாக்காரர் என்னைக் கண்டதும் ஆளைப் புரிந்துகொண்டார். முகம் சிவந்தது. மேசையில் எனக்காக எடுத்து வைத்திருந்த கார்ச் சாவியை மெல்ல இழுத்துத் தன் பைக்குள் போட்டார். “பிறகு கதைப்பம் தம்பி,” என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

கூட்டாளி எழும்பினான். தான் இருந்த கதிரையைக் கைலேஞ்சியால் துடைத்து என் பக்கம் இழுத்து வைத்தான். “இரு மச்சான், இரு. களைச்சுப்போய் வந்திருக்கிறாய்,” என்று தோளைப் பிடித்து இருத்தினான். கடைக்காரரைப் பார்த்து, “எங்கட ஆளுக்கு ஒரு பிளேன்டீ. சீனி போட்டிராதையுங்கோ, அவனுக்குக் கூடாது,” என்றான். தேத்தண்ணி வந்ததும் தானே வாங்கி, கிளாஸின் அடியைத் துடைத்து என் முன்னால் வைத்தான். பிறகு வாங்குப் பலகையில் போய் இருந்து, கிண்ணியாக்காரரின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி எதிரெதிராகச் சுற்றத் தொடங்கினான்.