கையைக் காட்டிவிட்டு ஓடினேன்

அந்த வெள்ளை இயர்போன் வயர் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பாட்டுப் பெட்டி எப்போதோ செத்துவிட்டது. ஓடப் புறப்படும்போது புது இயர்போனை எடுக்கப் போகும் கை முதலில் அதன்மேல்தான் படும். மாட்டலாமா, வேண்டாமா? ஷூ மாட்ட ஒரு நிமிடம் என்றால் இதற்கு ஐந்து நிமிடம் ஆகிறது.

கல்லூரி முடித்துவிட்டு போலீஸ் தேர்வுக்காகப் பேய் மாதிரி ஓடிக்கொண்டிருந்த வருடம் அது. ஆனைக்குட்டம் அணைக்கரை வரை போய்த் திரும்புவேன். சித்தப்பா துபாயிலிருந்து ஒரு குட்டி எம்பி3 பிளேயர் கொண்டுவந்து கொடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குத்துப் பாட்டாகப் பொறுக்கி வரிசை போட்டேன். நாலாவது பாட்டு முடியுமுன் கரையைத் தொட வேண்டும் என்று கணக்கு. முதல் வாரத்திலேயே இரண்டு நிமிடம் குறைந்தது! பாட்டில்லாமல் ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

பெரியப்பா மகன், அதாவது அண்ணன், பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டிய வேலை, அதனால் விடியும்போதே போய்விடுவார். அவர் மனைவி, என் மதினி, சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு அட்டை ஒட்டப் போவார். பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் கடந்தால் விடமாட்டார். “என்ன கொழுந்தனாரே, விரட்டுற நாயி எங்க? அதுக்கும் ஒரு வயரு மாட்டிவிட்டீகளா?” பக்கத்தில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அது கேட்காது. வாயசைவும் சிரிப்பும்தான் தெரியும். வீட்டுக்கு வந்து திரும்பவும் சொல்லிக் காட்டுவார். ‘போங்க மதினி’ என்று கையைப் பின்னால் வீசிவிட்டு ஓடுவது என் வழக்கம்.

எங்கள் பக்கத்தில் காலையில் பெரிய சத்தம் கேட்டால் யாரும் ‘என்ன’ என்று கேட்கமாட்டார்கள். ‘எங்கன’, எந்தப் பக்கம், என்றுதான் கேட்பார்கள். அந்தத் திசையிலிருந்து சைக்கிளிலோ ஓடியோ வருகிறவனிடம் கேட்பார்கள். அவனும் நிற்கமாட்டான், கையைக் காட்டுவான். அந்தக் கை போன பக்கம் ஒரு கூட்டம் ஓடும். மற்றப் பக்கத்து ஆலைகளில் ஆள் வைத்திருப்பவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு விடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தது, எனக்கும் தெரியும்.

தை மாதம், நல்ல பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அணைக்கரையைத் தொட்டுத் திரும்பினேன், அதுவரை இல்லாத வேகம். திரும்பும் வழியில் மூன்றாவது பாட்டில் காலடியில் தரை லேசாக உதைத்தது. தாளம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். மதினி நடுரோட்டுக்கே வந்து நின்றார். வாய் அசைந்தது. சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் வீசினேன். கை கிழக்கே போனது. அண்ணனின் ஆலை மேற்கே.

வீட்டுக்கு வந்து வயரைக் கழற்றிய பிறகுதான் தெருவின் கூப்பாடு காதில் விழுந்தது: வெடித்தது அண்ணனின் ஆலை. மதினி அதற்குள் பஸ் ஏறியிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர மதியம் ஆகிவிட்டது. காலையில் நினைவோடு வந்த அண்ணன், “அவ வந்துட்டாளா, வந்துட்டாளா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மதினி வந்தபோது ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை.

வராந்தாவில் எல்லாரையும் வைத்துக்கொண்டு மதினி என்னைப் பார்த்தார். “கிழக்கன்னுதான கையக் காட்டுனீக?”

என் சட்டைப் பைக்குள் அந்த வயர் இருந்தது. “ஆமா மதினி. பனியில தப்பாப் பாத்துட்டேன்.”

“அம்புட்டுப் பனியில பிள்ள என்ன செய்வான்” என்று யாரோ என் முதுகைத் தடவினார்கள். அந்தத் தடவலை நான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் கண் விழிக்க மூன்று நாள் ஆனது. பிழைத்துக்கொண்டார். விரல்கள் மட்டும் மடங்கவில்லை; டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத்தான் குடிப்பார். தேர்வு ஓட்டத்தில் பாட்டு கிடையாது. என் மூச்சை நானே கேட்டபடி ஓடித் தேறினேன். வேறு ஊரில் வேலை. நாலு வருடம் அந்தப் பொய்யும் என்னோடு ஓடியது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, மதினி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு எனக்குச் சத்தமே கேக்கல மதினி. நீங்க கேலி பண்றீகன்னு நினைச்சேன்.”

துருவல் நிற்கவில்லை. “தெரியும்.”

“தெரியுமா?”

“உங்க காதுல வயரு தொங்குறதப் பாத்துக்கிட்டேதான கேட்டேன். நீங்க சிரிச்சீக. வெடிச்ச எடத்தப் பாத்தவன் சிரிப்பானா? ஆனா கை கிழக்க போச்சே. அத நம்பணும் போல இருந்துச்சு, ஏறிட்டேன்.” தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். “உங்க அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிறாதீக. நீங்க தப்பாக் காட்டுனதாவே இருக்கட்டும்.”

கூடத்தில் அண்ணன் இரண்டு கைகளாலும் டம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

இன்று காலையும் ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு புது இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடினேன். பாலத்தடியில் ஒரு பூக்காரம்மா கையைத் தூக்கினார், வாய் அசைந்தது. கை தானாகப் பின்னால் வீசப் போனது. அதை அடக்கி, நின்று, இரண்டு காதிலிருந்தும் பிடுங்கினேன்.

“என்னம்மா கேட்டீங்க?”

“மணி என்னப்பா?”

சொன்னேன். அவர் போன பின்னும் அங்கேயே நின்றேன். என் உள்ளங்கைக்குள் பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.