அப்பா வைத்த பரீட்சை

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தகரப் பலகையை மாற்றும் சத்தம் கேட்டதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். படிக்கத் தெரியாத அப்பாவுக்கு வாத்தியார் மேல் சந்தேகம். அன்று என்னை இதே இடத்தில் ஒரு பஸ் முன்னால் நிறுத்தினார்.

"இந்த பஸ் எங்க போவுதுன்னு படி. தப்புன்னா நாளையிலேர்ந்து ஆடு மேய்க்கப் போ."

"திருமானூர்" என்றேன்.

அப்பா கண்டக்டரைக் கேட்டார்.

"தா.பழூருங்க."

அப்பா முறைத்தார். "இதத்தான் சொல்லிக் குடுத்தாரா?"

"அதுல திருமானூர்னுதாம்ப்பா இருக்கு!"

கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா சரியாத்தான் படிக்குது. நாந்தான் போர்டை மாத்தல."

அப்பா நம்பவில்லை. இன்னும் இருவரைக் கேட்ட பிறகுதான் என் கையைப் பிடித்தார். "வாத்தியாரு சரிதான். ஸ்கூலுக்குப் போ. பஸ்ஸத்தான் நம்பக் கூடாது."

பி.ஏ. முடித்தும், கண்டக்டரைக் கேட்காமல் நான் ஏறுவதில்லை.