வலது மூலைக் கையெழுத்து

மேலப்புதூர் டோரதி ஸ்டூடியோவில் எடுத்த படம் எந்த வீட்டில் தொங்கினாலும், அதன் வலது கீழ் மூலையில் தங்க நிற மையில் ‘டோரதி’ என்று ஒரு கையெழுத்து இருக்கும். டாக்டர்கள், காலேஜ் பிரின்சிபால்கள், கிளப் தலைவர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள் எல்லாரும் அந்தக் கையெழுத்தோடுதான் சுவரில் இருந்தாக வேண்டும். ஒருமுறை ஒரு நகைக்கடை முதலாளி, “என் மூஞ்சிக்குப் பக்கத்துல உங்க பேரு எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டார். “சரிங்க, மூஞ்சிய நீங்க வச்சுக்குங்க, படத்த நான் எடுத்துக்கறேன்” என்று சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் டோரதி. மறுநாள் முதலாளியே வந்து வாங்கிப் போனார். அவ்வளவு நல்ல படம், பாவம், அவரும்தான் என்ன செய்வார்!

இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் தேவர் ஹாலில் ஒரு நாடகக் குழுவுக்கு அவள் முதன்முதலாகப் படம் எடுத்தாள். அவர்கள் போட்ட விழா மலரில் லைட் போட்டவர் பேர் வந்தது, மைக் செட் பேர் வந்தது, டீ கொடுத்தவருக்குக்கூட நன்றி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவள் எடுத்த முகங்கள்; அவள் பேரை மட்டும் காணோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் அந்தத் தங்க மைப் பேனாவை வாங்கினாள்.

நாடகக்காரர்களை எடுப்பதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. மேடை ஏறுமுன் எடுக்க மாட்டாள். திரை விழுந்த பிறகு, அரிதாரத்தைக் கலைப்பதற்குள் எடுப்பாள். அப்போது வேஷமும் முழுசாகப் போயிருக்காது, ஆளும் முழுசாக வந்திருக்க மாட்டார் என்பாள். ஆறு வருஷத்துக்கு முன், எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் ஒரு சர்ச்சில் நடந்த பாஸ்கா நாடகத்தில், ஏசுவாக நடித்த ஆஸ்டினையும் அப்படித்தான் எடுத்தாள். ஆஸ்டின் ஏ.சி. மெக்கானிக். மூன்று மணி நேரம் சிலுவை சுமந்து, அதில் தொங்கி, இறங்கி வந்தவன் அவளைப் பார்த்துக் கை நீட்டியபோது விழுந்த படம் அது. தன் வாழ்நாளில் எடுத்ததிலேயே அதுதான் ஒசத்தி என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

போயும் போயும் அந்தப் படம்தான் அவள் கையை விட்டுப் போனது. சர்ச் மலரில் வந்ததை எவனோ ஒரு பிரேம் கடைக்காரன் பிரதி எடுத்து, மூலையை வெட்டிவிட்டு, சாமி படமாக விற்க ஆரம்பித்தான். ஆட்டோவில் ஏசு, மெடிக்கல் ஷாப்பில் ஏசு, எல்லாம் ஆஸ்டின்! “இது நான் எடுத்ததுங்க” என்றால் ஜனங்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். “ஏசுவ நீங்க எடுத்தீங்களாம்மா?” என்று ஒரு கண்டக்டர் சிரித்தே விட்டார். டோரதிக்கு வயிறு எரிந்தது. பார்க்கிற இடத்திலெல்லாம் கெஞ்சியோ சண்டை போட்டோ படத்தை வாங்கி, கண்ணாடி மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ரெங்கம்மாள் டீச்சரைப் படம் எடுக்கப் போனாள். டீச்சருக்கு எழுபத்தைந்து முடிந்ததற்காகப் பிள்ளைகள் செய்த ஏற்பாடு. விளக்கை நிறுத்த இடம் தேடியவள் கண்ணில் பூஜை அலமாரி பட்டது. பெருமாளுக்குப் பக்கத்தில் ஆஸ்டின்.

“டீச்சர், இது நான் எடுத்த படம். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக்கவா?”

டீச்சர் சிரிக்கவில்லை. “நீங்க எடுத்ததா? தாராளமா போட்டுக்குங்க. இருங்க, தண்ணிய நகர்த்திக்கறேன்” என்று படத்துக்கு முன்னால் இருந்த வெள்ளி டம்ளரைத் தளும்பாமல் எடுத்தார்.

டோரதி பேனா மூடியைக் கழற்றியபடியே, “தண்ணி எதுக்குங்க டீச்சர்?” என்றாள்.

“எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு நர்ஸ் பொண்ணு குடுத்த படம். அவர் பக்கத்துல உக்காந்து நாப்பது நாள் இந்த மூஞ்சியத்தான் பாத்தேன். தண்ணி கேக்கற மூஞ்சிங்க இது. அவருக்கும் கடைசில தண்ணி குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, உதட்ட மட்டுந்தான் நனைச்சேன். அதான், இவருக்காவது தினம் ஒரு டம்ளர் வச்சிடறேன்.”

டோரதியின் கை நின்றுவிட்டது. அன்றைக்கு ஆஸ்டின் படத்துக்காகக் கை நீட்டவில்லை. “அக்கா, தண்ணிக்கா” என்று கேட்டுத்தான் நீட்டினான். பாட்டில் அவள் பையிலேயே இருந்தது. அவள் கேமராவைத்தான் தூக்கினாள். பேர் போயிற்றே, பேர் போயிற்றே என்று இத்தனை வருஷம் எரிந்த மனசுக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது வெட்கமாக இருந்தது.

“பேனா எழுதலைங்க டீச்சர்” என்று மூடியைப் போட்டுவிட்டு, படத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். டீச்சர் டம்ளரை அதன் முன்னால் திரும்ப வைத்தார். அப்புறம் டீச்சரை நிதானமாக, அழகாகவே எடுத்தாள்.

தெருவுக்கு வந்ததும் ஆஸ்டினுக்குப் போன் போட்டாள்.

“என்னக்கா, ஸ்டூடியோ ஏ.சி. மறுபடி மக்கர் பண்ணுதா?”

“இல்ல ஆஸ்டின். அந்த பாஸ்கா நாடகத்தன்னிக்கு நீ தண்ணி கேட்டியே...”

“ஆமாக்கா! எல்லாரும் செட்டப் பிரிக்க ஓடிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் குடுத்தீங்க. மறப்பேனா?”

“மொதல்ல படம் எடுத்தேன்பா. அப்புறந்தான் குடுத்தேன். பதினோரு படம்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ மோட்டாரை அவன் நிறுத்துவது கேட்டது.

“தண்ணி நல்லா சில்லுனு இருந்துச்சுக்கா” என்றான் ஆஸ்டின்.